கலைச்சொல் வேண்டுகோள்: ‘சைட்டேஷன்’ என்பதற்கு மேற்கோள் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டுத் தமிழ் மாணவர்களுக்கு விக்கிப்பீடியாவில் தொகுப்பதை இந்தப் பருவத்தின் பயிற்சியாக வைத்திருக்கிறேன். மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் பழகியபின் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டுரையை வளர்க்க வேண்டும். ஒரு மாணவி வீராணம் ஏரியை எடுத்துக்கொண்டாள். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டது, அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயரே ஏரிக்கு வந்தது என்று நன்றாக எழுதியிருந்தாள். “மேற்கோள் சேர்த்துவிடு” என்றேன்.

மறுநாள் பார்த்தால், ஒரு நூலிலிருந்து இரண்டு பத்திகள் அப்படியே இரட்டை மேற்கோள்குறிக்குள் இருந்தன. நூலின் பெயர் எங்கும் இல்லை. பதிப்புரிமைச் சிக்கல் என்று வேறொரு பயனர் அதை நீக்கியும்விட்டார். “நீங்கள் கேட்டபடி மேற்கோள்தானே அம்மா கொடுத்தேன்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. நான் சொன்ன சொல்தான் அவளை அங்கே அனுப்பியிருக்கிறது.

பள்ளியில் அவள் அறிந்த மேற்கோள், கட்டுரைக்கு நடுவே ஒரு குறளை மாறாமல் எடுத்து எழுதுவது. இங்கே வேண்டியது ஏறக்குறைய அதற்கு நேர்மாறானது: சொந்த நடையில் எழுதி, செய்தி எந்த நூலில் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவது. ஆங்கிலத்தில் கொட்டேஷன் வேறு, சைட்டேஷன் வேறு. நாம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம்.

‘சான்றுச்சுட்டு’ என்று முன்மொழிகிறேன். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் பொருளைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன. நமக்கு வேண்டியதும் அதுதான். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

அன்புள்ள பேராசிரியருக்கு,

மேற்கோளை அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரும். அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. அந்தப் பொருளிலிருந்து இன்றைய பொருளுக்கு நகர்ந்த சொல் இன்னும் ஒருமுறை நகராதா? மேலும், இலங்கையில் நாங்கள் ‘உசாத்துணை’ என்று நெடுநாளாக எழுதி வருகிறோம். விக்கிப்பீடியாவிலும் அது புழங்குகிறது.

சுட்டு பற்றி ஓர் அச்சம். தமிழ்நாட்டுப் பேச்சில் ‘சுட்டது’ என்றால் களவாடியது என்று பொருள் அல்லவா? பிறர் எழுத்தைக் களவாடாதே என்று கற்பிக்கும் இடத்தில் அந்த ஒலியே கேட்கலாமா?

* * *

ஐயா, வணக்கம்.

களவு பற்றி நீங்கள் சொன்னது சரி. சுட்டினாள், சுட்டாள் என வினைகள் வேறானாலும் மாணவர் காதில் ஒன்றாகத்தான் விழும். சுட்டைக் கைவிடுகிறேன்.

உசாத்துணை எனக்கும் பிடித்த சொல். உசாவுவதற்குத் துணையான நூல் என்று அதுவே தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. கட்டுரையின் அடியில் வரும் நூற்பட்டியலுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் எந்த வாக்கியம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. வாக்கியத்தின் முடிவில் சிறிய எண்ணாக நிற்கிறதே, அதற்குத்தான் பெயர் தேடுகிறேன்.

சிவஞானபோதம் என் பக்கமே பேசுகிறது. ஏற்கெனவே இரண்டு பொருளைச் சுமக்கும் சொல்லின் தலையில் மூன்றாவதை ஏற்ற வேண்டுமா? பிற நூலைச் சான்றாக ஏற்பது நமக்குப் புதியதும் அன்று. நூல் எழுதுவதற்கு நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் ‘பிறநூல் முடிந்தது தானுடன்படுதல்’ ஒன்று. பிற நூலில் முடிந்த முடிபை ஏற்றுக்கொள்ளுதல். அதே சொற்களில் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. வகுப்பில் இனி இதைச் சொல்லித்தான் தொடங்கப்போகிறேன்.

இப்போது ‘சான்றுக்குறி’ என்று தோன்றுகிறது. மேற்கோள்குறி மாணவர்களுக்கு முன்பே தெரியும். பிறர் சொல்லை எடுத்தால் மேற்கோள்குறி, பிறர் தந்த செய்தியை எடுத்தால் சான்றுக்குறி, இரண்டையும் எடுத்தால் இரண்டும். சான்று என்றதும் பிறப்புச் சான்று நினைவுக்கு வரலாம். வரட்டும், அதுவும் ஒன்றை மெய்ப்பிக்கும் தாள்தானே.

வினைக்குத் தனிச்சொல் தேவையில்லை. ‘சான்று காட்டு’ போதும்.

நேற்று அந்த மாணவியிடம் இந்தச் சொல்லை மட்டும் சொன்னேன், விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. மாலையில், தொகுப்பவர்கள் கலந்துபேசும் இடமான கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: “பத்திகளை என் நடையில் மாற்றிவிட்டேன். மூன்றாம் வாக்கியத்துக்குச் சான்றுக்குறி இட்டிருக்கிறேன். நான்காவதற்கு நூலில் ஆதாரம் கிடைக்கவில்லை, எடுத்துவிடட்டுமா?”