கோல்ட் ரிவால்வர்: எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, குழலும் குட்டையாக இருக்கிறது. போலியா?

இரும்புப்பெட்டி:

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மனைவியும் இந்த ஊர்க்காரர்தான். அவருடைய தாத்தா போன மாதம் காலமானார். அவர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது தோல் உறைக்குள் ஒரு ரிவால்வர் கிடைத்தது, கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி என்ற மாடல், .45 அங்குலக் குண்டுக்கானது. பிரேமின் (உருளையையும் குழலையும் தாங்கும் உடல்) இடது பக்கம் யு.எஸ். என்று அடித்திருக்கிறது. பிரேமில் நான்கு இலக்க எண், 6 ஆயிரத்துச் சொச்சம். காப்புரிமைத் தேதிகள் இரண்டுதான், 1871-ம் 1872-ம். ஆனால் கைப்பிடியின் அடியில் இருக்கும் எண்ணுக்கு ஆறு இலக்கம்! விசைக்காப்பில் இன்னொரு எண். குழல் ஐந்தரை அங்குலம். மரக் கைப்பிடியில் ஆர்.ஏ.சி. என்று தேய்ந்த முத்திரை ஒன்று தெரிகிறது.

முன்னோர் ஒருவர் குதிரைப்படையில் இருந்தாராம், 1876-ல் லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடிகளோடு நடந்த போரில் கஸ்டரின் படை அழிந்த களத்திலிருந்து இதைக் கொண்டுவந்தாராம், அன்று முதல் வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லையாம். மாமியார் இதைக் கேட்டே வளர்ந்தவர். ஒரு வியாபாரியிடம் காட்டினோம், "உதிரிகளைப் பொறுக்கிச் சேர்த்தது, குழலையும் யாரோ அறுத்துவிட்டார்கள்" என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்குக் கேட்டார். அவர் சொல்வது உண்மையா? உறை பட்ட இடங்களில் துருவும் பச்சைப் படிவும் இருக்கின்றன, தேய்த்து எடுக்கலாமா?

கருமருந்து:

தேய்க்க வேண்டாம், முதலில் அதை நிறுத்துங்கள். அதற்கும் முன்னால் தோட்டா இருக்கிறதா என்று பாருங்கள். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, சுத்தியலை இரண்டாவது சொடுக்கு கேட்கும் வரை மட்டும் பின்னுக்கு இழுத்து, வலது பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, உருளையைச் சுற்றி ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நூறு வருடம் உறையில் கிடந்தது காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வியாபாரி சொன்னது தவறு என்றே நினைக்கிறேன், நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. இந்த ரிவால்வர்கள் 1873 முதல் ஏழரை அங்குலக் குழலோடு குதிரைப்படைக்குப் போனவை. 1892-ல் ராணுவம் .38-க்கு மாறியதும் இவை கிடங்குக்குத் திரும்பின. 1895-லிருந்து அரசே இவற்றை வெளியே எடுத்து, குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, பழுது பார்த்து மறுபடி கொடுத்தது. சேகரிப்பவர்கள் இதை 'ஆர்ட்டிலரி மாடல்' என்பார்கள், பீரங்கிப் படைக்கு முதலில் போனதால் வந்த பெயர், ஆனால் மற்றப் படைகளுக்கும் போயிருக்கிறது. முதலில் மாற்றியவற்றில் எண்கள் பொருந்தும். பிறகு வந்தவற்றைக் கூட்டமாகப் பிரித்துப் போட்டு, எந்த எண் எதோடு சேர்கிறது என்று பார்க்காமல் பூட்டிவிட்டார்கள். ஆகவே எண் பொருந்தாதது இந்த வகையில் குறையே இல்லை. ஆர்.ஏ.சி. என்பது ரினால்டோ கார் என்ற அரசுப் பரிசோதகரின் முத்திரை. அந்தப் பழுதுபார்ப்பிலும் அவர் முத்திரைதான் விழும், அதைத் தேய்த்து மழுங்கடித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

குழலை நீங்களே சோதிக்கலாம். மேலே பொறித்திருக்கும் கோல்ட் கம்பெனி முகவரி ஏழரை அங்குலக் குழலின் நடுவில் இருக்கும்படி அடிக்கப்பட்டது. முனையில் இரண்டு அங்குலம் போய்விட்டதால் அது இப்போது முனைப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். முகவரி நடுவிலேயே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

நிலாமுற்றம்:

எல்லாம் சரி, ஆனால் கதை உடைந்துபோகிறதே. 1876-ல் களத்திலிருந்து எடுத்து வீட்டிலேயே வைத்திருந்தால், 1895-க்குப் பிறகு அரசுக் கிடங்கில் குழல் எப்படிக் குறுகும், ஆர்.ஏ.சி. முத்திரை எப்படி விழும்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும், குட்டைக் குழலும் மரத்தில் முத்திரையும் கண்ணெதிரே இருக்கின்றன.

பிரேம் மட்டும் வேறு கணக்கு. 6 ஆயிரம் என்றால் 1874-ல் செய்தது, பின்னால் வந்தவற்றில் சேர்ந்த 1875 காப்புரிமைத் தேதி இல்லாததும் அதற்குப் பொருந்துகிறது. எய்ன்ஸ்வொர்த் என்ற அரசுப் பரிசோதகர் பரிசோதித்த காலம், கஸ்டரின் ஏழாவது குதிரைப்படையிடம் இருந்ததும் அந்தக் காலத்து ரிவால்வர்கள்தான். அதற்காக இந்தப் பிரேம் அங்கே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கோல்ட் ஆவணக் காப்பகத்தில் பணம் கட்டி எண்ணைக் கொடுத்தால் கடிதம் தருவார்கள், ஆனால் ராணுவத் துப்பாக்கிக்கு 'அரசுப் பரிசோதகருக்கு அனுப்பப்பட்டது' என்கிற அளவில் நின்றுவிடும், எந்தப் படைப்பிரிவு என்று அதில் இருக்காது. அப்புறம் ஒன்று, அந்தக் கடிதம் பிரேமின் வரலாறு மட்டும்தான், கைப்பிடிக்கும் விசைக்காப்புக்கும் வேறு வேறு வாழ்க்கை.

கருமருந்து:

நிலாமுற்றம் சொன்னது மிகச் சரி, நான் எழுதும்போது அந்தக் கோணம் தோன்றவில்லை.

பராமரிப்பு பற்றி: உடனே உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் பதனிடும்போது சேரும் அமிலமும் தோல் இழுக்கும் ஈரமும்தான் இரும்பைக் குழி குழியாக அரிக்கின்றன. உறையையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தனியாக. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தால் போதும். இரும்புக் கம்பளி, மெருகுப் பசை, இரும்புக்கு நீலக்கறுப்பு நிறம் ஏற்ற பாட்டிலில் விற்கும் நீலச்சாயம் எதுவும் கூடாது. மெருகு போட்ட துப்பாக்கி பார்த்தாலே தெரியும், எழுத்தின் ஓரம் கரைந்திருக்கும், திருகுத் துளைகள் கிண்ணம்போல் குழிந்திருக்கும், பிரேமின் கூர்விளிம்பு உருண்டிருக்கும். இதில் அரசே 1890-களில் மறுபடி நீலம் ஏற்றியிருக்கலாம், அது வரலாற்றில் ஒரு பகுதி, நாம் இன்று செய்தால் சேதம். திருகையும் கழற்றாதீர்கள். சாதாரணத் திருப்புளி பட்டால் திருகுத் தலை கிழிந்துவிடும். சுட்டுப் பார்க்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தக் கால இரும்பு புகை கக்கும் பழைய கருமருந்துக்குச் செய்தது, புகையில்லா வெடிமருந்துக்குக் கோல்ட் பொறுப்பேற்றதே 1900-லிருந்துதான்.

சட்டம்: 1898 அல்லது அதற்கு முன் செய்தது கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். உங்கள் மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பாருங்கள்.

இரும்புப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. ஆறு அறையும் காலி. முகவரி முனைப் பக்கம் தெளிவாகத் தள்ளித்தான் நிற்கிறது. மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். உள்ளே தாத்தாவின் தாத்தா காலாட்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழ், 1901, பிலிப்பைன்ஸில் பணி என்று இருக்கிறது. துப்பாக்கி பற்றி ஒரு வரியும் இல்லை.

நிலாமுற்றம்:

அப்படியா! பிலிப்பைன்ஸ் போரில் .38 போதவில்லை என்று இந்தக் குட்டைக் குழல் .45-ஐத்தான் மறுபடி கையில் கொடுத்தார்கள். காலம் பொருந்துகிறது, அதற்கு மேல் இப்போது சொல்ல முடியாது, அவர் அங்கிருந்தே கொண்டுவந்தாரா, அரசு கழித்து விற்றபோது பிறகு வாங்கினாரா என்பதற்குச் சான்று வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப் பதிவைக் கேளுங்கள். மாமியார் சொல்லும் கதையையும் அவர் வார்த்தையிலேயே எழுதி, யாரிடம் எப்போது கேட்டார் என்று தேதி போட்டு, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். முடிந்தால் கைப்பிடி முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், அதன் பக்கத்தில் இன்னொரு முத்திரை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.