குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானம் போதாதா?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையில் கைக்குழந்தையாக ஞானஸ்நானமும், வளர்ந்தபின் விசுவாசத்தை நானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் பெற்ற என்னிடம், இப்போது செல்லும் பெந்தெகொஸ்தே சபையில், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குபெறலாம் என்கிறார்கள். ஞானஸ்நானத்தின் பொருளைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவா, என் விசுவாசமா?

பதில் 1:
சகோதரரே, ரோமர் 6-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு, புதிய ஜீவனுள்ளவர்களாய் நடப்பதே ஞானஸ்நானம் என்கிறார் பவுல். நீரில் மூழ்கி, ஒரு கணம் மூச்சடக்கி எழும்போது அந்த மரணமும் உயிர்த்தெழுதலும் உடலாலேயே அறிக்கையிடப்படுகின்றன. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில், எத்தியோப்பிய மந்திரியும் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்புவும் தண்ணீரில் இறங்கினார்கள். விசுவாசித்தபின் எடுப்பதே வேதமுறை என உறுதியாக நம்புகிறேன்.

பதில் 2:
மூழ்குதலின் அழகை மறுக்கவில்லை. ஆனால் ஆதித்திருச்சபை தண்ணீரின் அளவை நிபந்தனையாக்கவில்லை. திதகே என்னும் பழைய போதனைநூல், ஓடும் நீரை முதலில் சொல்லிவிட்டு, போதிய நீர் இல்லையெனில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலைமேல் மூன்றுமுறை ஊற்றச் சொல்கிறது. குழந்தை ஞானஸ்நானத்தில் முந்திக்கொள்வது கடவுளின் கிருபை. பெற்றோரும் சபையும் அன்று அறிக்கையிட்ட விசுவாசத்தை, திடப்படுத்தலில் நீங்களே உங்கள் வாயால் ஏற்றுக்கொண்டீர்கள். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 1982-ஆம் ஆண்டு லீமா ஆவணமும் ஞானஸ்நானம் மீண்டும் கொடுக்கத்தக்கதல்ல என்கிறது.

பதில் 3:
அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தில், ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியுவின் வீட்டாருக்குப் பரிசுத்த ஆவி அருளப்பட்ட பிறகே தண்ணீர் வந்தது. ஆயினும் பேதுரு ஞானஸ்நானத்தைத் தவிர்க்கவில்லை. திருவிருந்தில் இடம் கிடைப்பதற்காக மட்டும் மூழ்காதீர்கள்; முடிவெடுக்குமுன் உங்கள் பழைய ஆயரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.