ஜான் பான் ஜோவியின் குரலுக்கு உண்மையில் என்ன ஆனது?

கிடார்_குமரன் (கேள்வி)

2022 ஏப்ரல் அமெரிக்கச் சுற்றுப்பயண வீடியோக்களில், பான் ஜோவி ராக் இசைக்குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவி சுருதி விலகி, மூச்சு வாங்கிப் பாடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அந்த ஜூனிலேயே தொண்டையில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. "கத்திக் கத்திப் பாடினால் இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஏரோஸ்மித் ராக் இசைக்குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலரும் 2024-ல் சுற்றுப்பயணத்தை விட்டார். இரண்டும் ஒரே கோளாறா? ஜானுக்குத் தொண்டையில் என்ன செய்தார்கள்? திரும்பிவர ஏன் இத்தனை வருஷம்?

குருத்தெலும்பு

ஒரே கோளாறு இல்லை குமரன். கத்துவதால் வருவது பெரும்பாலும் குரல்நாண் முடிச்சு. இரண்டு நாண்களிலும் எதிரெதிரே காய்ப்பு மாதிரி வரும். ஜானுக்கு வந்தது நேர் எதிர்: ஒரு நாண் மெலிந்துவிட்டது. ஒன்று கட்டைவிரல் கனம், இன்னொன்று சுண்டுவிரல் கனம் என்று அவரே பேட்டிகளில் காட்டினார்.

பாடும்போது இரண்டு நாண்களும் நடுவில் வந்து முட்டி, காற்றில் அதிர வேண்டும். பியானோவின் நடு 'சி'க்கு மேலே வரும் 'ஏ' சுரத்துக்கு நொடிக்கு 440 தடவை. ஒன்று மெலிந்தால் நடுவில் இடைவெளி விழும். காற்று கசியும், நீண்ட வரிக்கு மூச்சு பத்தாது, மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். அதை ஈடுகட்டப் பாடகர் கழுத்தையும் தாடையையும் இறுக்குவார். நல்ல நாண் எல்லை தாண்டிப்போய் மற்றதை இடிக்கும். நீங்கள் வீடியோவில் கேட்டது இதைத்தான். பயிற்சி குறைந்ததாலோ அக்கறை இல்லாததாலோ வந்தது அல்ல.

அவர் பாட்டுகளின் அமைப்பும் கொடுமை. 1986-ல் வந்த 'லிவின் ஆன் எ பிரேயர்' கடைசிப் பல்லவியில் ஈ மைனரிலிருந்து ஜி மைனருக்குத் தாவும். களைத்துப்போன நேரத்தில் மூன்று அரைச்சுரம் ஏற வேண்டும். மேல் ஸ்தாயியில் இணைந்து பாடிய குழுவின் கிடார் கலைஞர் ரிச்சி சம்போராவும் 2013-ல் சுற்றுப்பயணத்தின் நடுவே விலகினார். நண்பர் போனதோடு, உச்சத்தில் தாங்கிப்பிடித்த குரலும் போனது.

தொண்டை_நலம்

ஆபரேஷன் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர் மீடியலைசேஷன் தைரோபிளாஸ்டி. 1974-ல் ஜப்பான் மருத்துவர் இஷ்ஷிகி வகுத்த முறை. வழக்கமாக நடப்பது இது:

கழுத்தின் முன்பக்கம் 4-5 செ.மீ. குறுக்குவெட்டு. மரத்துப்போக ஊசியும் லேசான மயக்கமும்தான், முழு மயக்கம் பெரும்பாலும் கிடையாது. தைராய்டு குருத்தெலும்பில் (குரல்வளையின் முன்பக்கக் கவசம்), நாணின் மட்டத்தில், ஏறக்குறைய 6 x 12 மி.மீ. ஜன்னல் வெட்டுவார்கள். அதன் வழியே சிலிகோன் கட்டையோ கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளின் பட்டையோ நுழைத்து, மெலிந்த நாணை வெளியிலிருந்து நடுப்பக்கம் தள்ளுவார்கள். நாணைத் தொடுவதில்லை என்பதுதான் இதன் அருமை.

அந்த நேரத்தில் நோயாளி விழித்திருந்து "ஈ..." என்று இழுத்துக் குரல் கொடுக்க வேண்டும். மூக்கு வழியே போன கேமராவில் இடைவெளி மூடுவதைப் பார்த்து, காதால் கேட்டு, அளவைச் சரிசெய்வார்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினால் குரல் நெரியும், குறைந்தால் காற்று கசியும். அதற்குள் வீக்கம் ஏறிவிட்டால் கேட்கிற குரலே தப்பாக இருக்கும் என்பதால் வேகமாக முடிக்க வேண்டும்.

பிறகு சில நாள் மௌனம், மூச்சுத்திணறல் வருகிறதா என்ற கண்காணிப்பு. வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். பேச்சுக்குரல் முதலில் வந்துவிடும், பாட்டு வராது. காரணம், அந்தத் துண்டு இடத்தைத்தான் மாற்றும், போன தசையைத் திருப்பித் தராது. வருஷக்கணக்கில் பழகிய கழுத்திறுக்கத்தையும் மறக்கடிக்க வேண்டும். ஜான் 2024 பிப்ரவரியில் மியூசிகேர்ஸ் என்ற இசைக்கலைஞர் உதவி அமைப்பின் விழாவில் பாடினார், ஜூனில் 'ஃபாரெவர்' ஆல்பம் வந்தது. ஆனால் இரண்டரை மணி நேரம், வாரம் நான்கு இரவு பாட முடிந்தால்தான் சுற்றுப்பயணம் என்று பிடிவாதமாக இருந்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2026 ஜூலை கச்சேரிகள் என்ற அறிவிப்பு வந்தது 2025 அக்டோபரில்தான்.

ஒன்று கவனியுங்கள்: 2022 சுற்றுப்பயணம் நாஷ்வில்லில் முடிந்த இரவு, நன்றாகப் பாடியதாகவே அவர் நினைத்திருக்கிறார். அப்படி இல்லை என்று சொன்னவர் மனைவி டொரோதியா. பாடகர் மண்டைக்குள் கேட்பதும் வெளியே கேட்பதும் வேறு. பதிவு செய்து கேட்டே தீர வேண்டும்.

மேடை_ஒலி

டைலர் விஷயம்: 2023 செப்டம்பரில் நியூயார்க் அருகே எல்மாண்ட் கச்சேரியில் நாணில் ரத்தக்கசிவு. பிறகு குரல்வளையே முறிந்திருப்பது தெரிந்தது. அது காயம், தேய்மானம் அல்ல. 2024 ஆகஸ்டில் இசைக்குழு சுற்றுப்பயணத்தையே நிறுத்தியது. ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் பாடகர் பிரையன் ஜான்சனுக்கோ தொண்டையில் பிரச்சினையே இல்லை. 2016-ல் நிறுத்தச் சொன்னது காது மருத்துவர்கள். மேடையில் கிடார் சுருதியே பிடிபடாமல் போனது அவருக்கு. சுற்றுப்பயணத்தை அவருக்குப் பதிலாக கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸ் முடித்துக்கொடுத்தார். காதுக்குள் வைக்கும் புதுக் கருவி வந்த பிறகே 2023-ல் ஜான்சன் மறுபடி மேடை ஏறினார்.

கிடார்_குமரன்

நன்றி. இன்னொன்று: கச்சேரிக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அது சரியா?

தொண்டை_நலம்

வீக்கத்தை வடிக்கும், அவ்வளவுதான். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் ஊசி தரும் தைரியத்தில் பாடி நாணையே கெடுத்துக்கொள்வார்கள். கேமரா வைத்துப் பார்க்காமல் போடவே கூடாது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கிசுகிசுப்பதும் வேண்டாம், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், மறுநாளே ஈ.என்.டி.யிடம் போங்கள். வெறும் கரகரப்பு என்றால் மூன்று வாரம் தாண்டினால் ஸ்ட்ரோபோஸ்கோபி (மின்னும் ஒளியில் நாண் அதிர்வதைக் காட்டும் சோதனை) கேளுங்கள். சாதாரண எண்டோஸ்கோபியில் நாண் அதிரும் விதம் தெரியாது.

தினசரிக்கு: டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 2-3 செ.மீ. முக்கி, குமிழி வர "ஊ..." என்று கீழிருந்து மேலே வழுக்குங்கள். பாடுமுன் ஐந்து நிமிஷம், பாடிய பிறகும் ஐந்து நிமிஷம். குமிழி நின்று நின்று வந்தால் மூச்சைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். கிடாரை அரைச்சுரம் இறக்கிக் கட்டுவதில் வெட்கமே வேண்டாம்.