மறு: 'ரெண்ட் சீக்கிங்' – 'வாடகை தேடல்' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

எதையும் ஆக்கித் தராமல், அரசின் தடையையோ சலுகையையோ பிடித்து ஆதாயம் பார்ப்பதைப் பொருளியலில் 'ரெண்ட் சீக்கிங்' என்பார்கள். அதற்குத் தமிழாக நேற்று நம் குழுவில் முன்மொழியப்பட்ட 'வாடகை தேடல்' என்பதைத் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் என் மைத்துனனிடம் சொல்லிப் பார்த்தேன். "யாருக்கு மாமா வீடு பார்க்கிறீர்கள்?" என்றான். சொல் அங்கேயே செத்தது.

நம் பொருளியல் பாடநூல்களில் 'ரெண்ட்' என்பதற்கு 'வாரம்' என்று இருக்கிறது; கிழமைக் கணக்கு அல்ல, நிலத்தைப் பயன்படுத்துவதற்குத் தரும் பங்கு. பொருளியலாளர் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாட்டைப் பலர் படித்திருப்பீர்கள். அதனால் 'வாரம் தேடல்' என்று திருத்தியவருக்குப் பாதி மதிப்பெண். ஆனால் வாரத்துக்கு விடுபவர் நிலமாவது தருகிறார். 'ரெண்ட் சீக்கிங்' செய்கிற இவர்கள் தருவது ஒன்றுமில்லை. இறக்குமதிக் கதவை அடைக்கச் சொல்லி அரசிடம் மனுப் போடுவார்கள். அடைத்ததும் விலையை ஏற்றுவார்கள்.

மைத்துனன் மேசையில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) பார்க்க வட்டமாக வெட்டிய விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) துணி ஒன்று கிடந்தது. பக்கத்துத் தாளில் பென்சிலால் இரண்டு நூல் விலைகள்: நம்முடையது, வெளிநாட்டினுடையது. அந்த நூலுக்கு மூலமான விஸ்கோஸ் இழைக்கு 2010 முதல் 2021 வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மலிவாக வந்து குவியும் இறக்குமதி மேல் போடும் கூடுதல் வரி. அது போய், 2023இல் தரச் சான்று இல்லாத இழை உள்ளே வரக்கூடாது என்னும் தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2025 நவம்பரில்தான் அதை விலக்கினார்கள். ஏற்றுமதியாளருக்கு வரியில்லா இறக்குமதி உண்டே என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்டு, ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியின்றி இறக்க முன் அனுமதி உரிமம் வாங்கிக் கணக்கை முடித்துக்கொடுக்க ஆள் வைத்திருப்பவருக்கு. பத்து மூட்டை நூல் வாங்குகிறவர் உள்ளூர் விலைக்கு வாங்கிக்கொண்டே டாக்காவின் ஆடை ஏற்றுமதியாளர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஆன் குரூகர் 1974இல் இந்த ஆங்கிலச் சொல்லை ஆக்கியதே இந்தியா, துருக்கி ஆகிய நாடுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பார்த்துத்தான். 1964இல் இந்தியாவில் இறக்குமதி உள்ளிட்ட அரசுக் கட்டுப்பாடுகளால் விளைந்த வாரங்கள் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று மதிப்பிட்டார். நம் சரக்கு; பெயர் மட்டும் நம்மிடம் இல்லை.

என் முன்மொழிவு: மடைவாரம். ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானிக் கால்வாயின் கடைமடைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தண்ணீர் ஆற்றுடையது, பயிர் உழவருடையது. இடையில் மடையை மறித்து நிற்பவர் கேட்கும் பங்கு மடைவாரம். அதற்காக அரசைச் சுற்றி வருவது மடைவார நாட்டம். 'தண்டல்' என்றும் யோசித்தேன். அது தினவட்டிக்காரர்களிடம் போய்விட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதியைத் தடுப்பதற்கான 'காப்புக் கொள்கை' என்ற சொல் அப்படியே இருக்கட்டும்.

இதில் ஈடுபடுபவரை எப்படி அழைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. 'வாரதாரர்' என்பது வாரத்துக்கு நிலம் எடுத்து உழுகிறவரின் பெயர். அதை இவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.