பொதுச் செலவு பில்லில் மின்கட்டணம் இரண்டு முறை ஏறியிருக்கிறதா, எப்படிப் பார்ப்பது?

தேக்கா_கணக்கு:
வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் 1,200 சதுர அடிக் கடை. கட்டடத்தில் வாடகைப் பரப்பு மொத்தம் 24,000 சதுர அடி. எங்கள் கடைக்கு மட்டுமான சப் மீட்டருக்கு மாதாமாதம் தனி பில் கட்டுகிறோம். அது போக ஆண்டு முடிவில் பொதுச் செலவு என்று மின்சாரம், குளிர்சாதனம், தண்ணீர் மூன்றிலும் 5 விழுக்காடு போட்டிருக்கிறார்கள். எந்தத் தாள்களைக் கேட்பது, எங்கே தேடுவது?

மீட்டர்_வாசிப்பு:
முதலில் ஒப்பந்தம். சேவைக் கட்டணம் சதுர அடிக்கு இத்தனை வெள்ளி என்று நிலையாக இருந்து, பொது மின்சாரமும் அதில் அடங்கும் என்றால், ஆண்டு முடிவில் தனியாகக் கேட்பதே தவறு.

உண்மைச் செலவைப் பிரிக்கும் ஒப்பந்தமாக இருந்தால் கட்டடம் முழுவதையும் அளக்கும் மாஸ்டர் மீட்டரின் 12 மாத மூல பில்கள், எல்லா சப் மீட்டர்களின் தொடக்க, முடிவு அளவுகள், பொதுச் செலவுப் பேரேடு மூன்றையும் கேளுங்கள். மற்ற கடைகளின் பெயரை மறைத்துத் தரலாம், எண்கள் போதும்.

ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் 48,000 யூனிட், சப் மீட்டர்கள் சேர்த்து 31,500. பொதுவுக்கு மிஞ்சுவது 16,500. யூனிட் 30 காசு என்றால் 4,950 வெள்ளி, உங்கள் பங்கு 247.50. மாஸ்டர் பில் 14,400 வெள்ளியையும் அப்படியே பங்கிட்டால் உங்கள் தலையில் 720 விழும். மாதம் 472.50 வெள்ளி கூடுதல். கடைகளிடம் வசூலித்த பணத்தை 'இதர வருமானம்' என்று வேறு கணக்கில் வரவு வைத்துவிட்டு, செலவிலிருந்து கழிக்க மறப்பதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. தண்ணீருக்கும் இதே கழித்தல்தான்.

குளிர்சாதன_பிரிவு:
பில்லில் குளிர்சாதனத் தலைப்பை விட்டுவிடாதீர்கள். சில்லருக்கு, அதாவது குளிர்சாதனத்துக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கு, தனி மீட்டர் இருந்தாலும் பெரும்பாலும் அது மாஸ்டருக்குக் கீழேதான் ஓடும். அந்த 16,500-இல் சில்லர் 9,000 என்றால் மின்சாரத் தலைப்பில் 7,500 மட்டுமே வர வேண்டும். 16,500 முழுவதும் அங்கேயும், 9,000 மறுபடி இங்கேயும் இருந்தால் அது இரட்டிப்பு. சில்லர், மற்ற பொதுப் பயன்பாடு, கடைகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை மாஸ்டரைத் தாண்டவே கூடாது. மீட்டர் வாசித்த தேதிகள் வேறுபட்டால் சிறு வித்தியாசம் வரும். அது அடுத்த மாதமே சரியாகிவிடும்.

கணிப்பு அளவில் வந்த பில்லையும், பின்னால் வந்த திருத்திய பில்லையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பில் எண் மாறுவதால் கணினி கண்டுபிடிக்காது. பில் காலத்தை வைத்து வரிசைப்படுத்தினால் ஒரே நாள்கள் இருமுறை வருவது தெரிந்துவிடும்.

வரிக்_கணக்கர்:
பொருள் சேவை வரியும் இரட்டிப்பாகும். வரிக்குப் பதிவு செய்த உரிமையாளர் தான் கட்டிய வரியைத் திரும்பக் கோரிக்கொள்வார். ஆகவே பங்கிட வேண்டியது வரி நீங்கிய தொகை. 10,000 வெள்ளி பில்லை 10,900 என்று எடுத்து அதன் மேல் இன்னொரு 9 விழுக்காடு போட்டால் 11,881 ஆகிறது. 981 வெள்ளி கூடுதல்.

தேக்கா_கணக்கு:
மிக்க நன்றி. எங்களுடையது ஸ்ட்ராட்டா கட்டடம், ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி உரிமையாளர். அதனால் ஏதும் மாறுமா?

மீட்டர்_வாசிப்பு:
மாறும், முக்கியமாக மாறும். ஸ்ட்ராட்டாவில் பொது விளக்கு, மின்தூக்கி, பொதுத் தண்ணீர் எல்லாம் எம்சிஎஸ்டியின், அதாவது உரிமையாளர்கள் சேர்ந்த கட்டட நிர்வாக அமைப்பின், பராமரிப்பு நிதியிலிருந்து போகிறது. ஒவ்வொரு கடை உரிமையாளரும் தம் கடைக்கு ஒதுக்கிய பங்கு மதிப்புப்படி அதற்குச் செலுத்துகிறார், பரப்பளவுப்படி அல்ல. அந்தப் பராமரிப்புக் கட்டணத்தை உங்களிடம் வாங்கிக்கொண்டு உங்கள் கடை உரிமையாளர் 'பொது மின்சாரம்' என்று வேறு தலைப்பும் போட்டிருந்தால் ஒரே செலவுக்கு இருமுறை கட்டுகிறீர்கள். எம்சிஎஸ்டி அனுப்பிய பில்லின் நகலைக் கேளுங்கள்.

வரிக்_கணக்கர்:
கூடுதலை நீங்களாக வாடகையில் கழித்துவிடாதீர்கள். பல ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன, வாடகைப் பாக்கி என்று உங்கள் மீதே திரும்பும். மாதவாரியாகக் கணக்கை இணைத்து எழுத்தில் கேளுங்கள், வரியோடு சேர்த்து கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) வாங்குங்கள். ஒப்பந்தத்தில் ஆட்சேபக் கெடு 14 நாள், 30 நாள் என்று இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.