ஒரே தள்ளுமுள்ளு, ஒருவனுக்கு மட்டும் தண்டனை

கலிஃபோர்னியாவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தபோது, 2017இல் கண்டதை எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இருவர் பந்துக்காக முட்டிக்கொண்டார்கள். முதலில் தள்ளியவன் வெள்ளையினப் பையன். என் கண்ணெதிரே நடந்தது. கறுப்பினப் பையன் திருப்பித் தள்ளினான். முதலாமவன் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனான். மற்றவனை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். "நான் மட்டும் ஏன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே குற்றமாகிவிட்டது.

வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என மூன்று தாள்கள் கொண்ட தண்டனைப் படிவம் அது. 'சண்டை' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'வேண்டுமென்றே பணிய மறுத்தல்' என்ற கட்டத்தில் குறி. ஒரு நாள் இடைநீக்கம். நடந்ததைப் பார்த்தேன் என்று முதல்வரிடம் சொன்னேன். "அவனுடைய கோப்பைப் பார்த்தீர்களா?" என்றார். பார்த்தேன். பென்சிலால் மேசையைத் தட்டினான், கேட்காமல் எழுந்து நடந்தான், தொப்பியைக் கழற்றத் தாமதித்தான். இதையெல்லாம் செய்த என் மகனைத் 'துறுதுறுப்பான பிள்ளை' என்றுதான் அவனுடைய ஆசிரியை சிரித்தபடி சொல்வார்.

அழைத்துப்போக வந்த பாட்டி, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சீருடையிலேயே வந்திருந்தார். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "மற்றப் பையனுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டார். பிற மாணவரைப் பற்றிச் சொல்ல விதி அனுமதிக்காது என்றார்கள். கையெழுத்திட்டுவிட்டுப் பேரனின் பையைத் தானே தூக்கிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு பள்ளியின் கதை மட்டுமல்ல இது. அமெரிக்கக் கல்வித் துறையின் 2017-18 கணக்குப்படி, மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 38 சதவீதம். மழலையர் பள்ளிக் குழந்தைகளில்கூடக் கறுப்பினத்தவர் 18 சதவீதம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் 43 சதவீதம். நான்கு வயதுக் குழந்தை அப்படி என்ன செய்துவிடும்? 2016இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் காணொளிகளைக் காட்டி, குறும்பு தெரிகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். காணொளியில் குறும்பே இல்லை. ஆனாலும் ஆசிரியர்களின் பார்வை கறுப்பினச் சிறுவன் மீதே அதிகம் நிலைத்தது. அப்படிக் கண்காணிக்கப்படுபவனின் கோப்புதான் தடிக்கும். அடுத்த ஆசிரியர் அவன் முகத்தைப் பார்க்குமுன் அந்தக் கோப்பைப் படித்துவிடுகிறார்.

"அந்தப் பையன்களோடு சேராதே" என்று நம் வீடுகளில் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பள்ளி குத்திய முத்திரையை நாமும் நம்பிவிடுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

'பணிய மறுத்தல்' என்ற காரணத்துக்காக இடைநீக்கம் செய்வதைக் கலிஃபோர்னியா படிப்படியாகத் தடுத்து, 2024 ஜூலை முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டித்தது. ஆனால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பும் உரிமை ஆசிரியருக்கு இன்னும் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளியில் யார் எத்தனை பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்பதைக் கல்வித் துறை இணையத்தில் இனவாரியாக வெளியிடுகிறது. எடுத்துப் பாருங்கள், கல்வி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.