கைமரத்தைத் துளைக்கும் கருவண்டு: அடைத்தும் போகவில்லை, என்ன செய்யலாம்?

உப்புவெளிக்காரி:

வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். 2004இல் கடல் வந்து பழைய வீட்டைக் கொண்டு போன பிறகு, அதே வளவில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டியது. முன் விறாந்தைக்கு மட்டும் ஓட்டுக் கூரை. முகட்டு வளை பாலை மரம், கைமரம் ஒன்பதும் மலைவேம்பு. அப்போது கையில் இருந்த காசுக்கு அதுதான் வாய்த்தது. பெயின்றும் அடிக்கவில்லை. மரம் மரமாகத் தெரிய வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அப்பா போய்விட்டார், அந்த மரத்தோடு இப்போது நான் மல்லுக்கட்டுகிறேன்.

போன வருடம் ஒன்றிரண்டு கருவண்டு வந்து போனது. கவனிக்கவில்லை. இந்த வருடம் தென்மேற்குக் கச்சான் காற்றுத் தொடங்கியதிலிருந்து எண்ணிப் பார்த்தால் பதினேழு துளை. தமரூசி போட்டுத் துளைத்தது போல வட்டமாக, என் சுட்டுவிரல் நுழையும் அளவு. எல்லாமே கைமரத்தின் அடிப்பக்கத்தில். காலையில் விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது தலைக்கு மேலே 'கர்ர்' என்று கேட்கும், கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணிக்குள் மரத்தூள் விழும். வெள்ளைச் சுவரில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு வேறு. கழுவினால் மூன்றாம் நாள் மறுபடியும். கர்ணனின் தொடையைத் துளைத்த வண்டு இந்தச் சாதிதான் என்கிறார் அம்மா. அது எனக்குத் தெரியாது, ஆனால் பொறுமையில் நான் கர்ணன் இல்லை.

முதலில் ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். அவர் நல்ல வெயில் நேரம், பகல் பதினொரு மணிக்கு வந்து, ஒன்பது துளையைப் புட்டி வைத்து அடைத்துவிட்டு முழுநாள் கூலி வாங்கிக் கொண்டு போனார். எட்டு நாளில் அடைத்த துளைகளுக்குப் பக்கத்திலேயே ஆறு புதுத் துளை. (பதினேழில் அந்த ஆறும் சேர்த்தி.) பிறகு தம்பி சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து ஏணியில் ஏறி அடித்தான். அது அவன் கை வழியாகக் கக்கம் வரைக்கும் ஓடித் தோல் எரிந்ததுதான் மிச்சம். விறாந்தை மூன்று நாள் நாறியது. வண்டோ வெளியே வந்து, கிணற்றடிக் கொடித்தோடை (பாஷன் பழம்) பந்தலில் போய் ஒன்றும் நடக்காதது போல இருந்தது.

கேட்க வேண்டியது மூன்று. கூரைக்கு ஆபத்து உண்டா? கொட்டுமா? ரியூசன் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுகிறது, பிள்ளைகள் அலறி ஓடுகிறார்கள். மூன்றாவது, இது திரும்பி வராமல் இருக்க என்ன செய்வது? அம்மா கொல்ல வேண்டாம் என்கிறார். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பொடியன்:

அக்கா, இதுக்கெல்லாம் ஏன் யோசிக்கிறீர்கள்? நுளம்பு பட் எடுத்து வாசலில் நில்லுங்கள். போன மாதம் ஒரே பின்னேரத்தில் நான் பதினொன்று அடித்தேன். இறகுப்பந்து மட்டையும் நல்லதுதான்.

மூதூர்த் தச்சன்:

தம்பி, பதினொன்று அடித்தாய் சரி, துளை போடுவது நின்றதா? நீ அடித்ததில் முக்கால்வாசி ஆண் வண்டாக இருக்கும். துளைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று காவல் காப்பதும் ஆட்களின் முகத்துக்கு நேரே பாய்வதும் அதுதான். சில இனத்தில் அது மஞ்சள் பழுப்பு மயிரோடு இருக்கும், சிலதில் அதுவும் கறுப்புத்தான். அதற்குக் கொடுக்கே கிடையாது. வெறும் சத்தம். மரத்தைத் துளைப்பது பெண். அதற்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையால் பிடித்தாலோ துளைக்குள் விரலை விட்டாலோ தவிர இலேசில் கொட்டாது. கொட்டினால் தேனீ போலக் கொடுக்கை விட்டுவிட்டுச் சாகாது, திரும்பவும் கொட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்.

தங்கச்சி, உங்கள் கதையைப் படித்ததும் எங்கே பிழைத்தது என்று விளங்கிவிட்டது. உள்ளே ஆள் இருக்கும்போது வாசலை அடைத்திருக்கிறார். பெண் வண்டு மரத்தையே கடித்துத் துளைக்கிற சீவன், புட்டி அதற்கு ஒரு பொருட்டா? புட்டியைத் துளைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு வாசல் வைத்து வெளியே வரும். வெளியே மேயப் போயிருந்தது திரும்பி வந்தால் அதுவும் பக்கத்தில் புதிதாக ஒன்று தொடங்கும். ஒரு துளையை இரண்டாக்குகிற வேலைக்குத்தான் நீங்கள் கூலி கொடுத்தது.

இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. கறையானும் உளுவும் தின்னும், உளு விழுத்துவது கோதுமை மா மாதிரி மெல்லிய தூள். இது விழுத்துவது வாள் தூள் மாதிரி பரும்படி. வீடு கட்டத்தான் துளைக்கிறது. நேரே ஓர் அங்குலம் அளவு உள்ளே போய், பிறகு மரத்தின் நார் ஓடுகிற திசைக்குத் திரும்பி நீளமாகக் குடைந்து கொண்டு போகும். அதற்குள் பூந்தூளைத் தேனோடு உருட்டி வைத்து, மேலே ஒரு முட்டை, பிறகு மரத்தூளைக் குழைத்து ஒரு தடுப்பு. அடுத்த உருண்டை, அடுத்த முட்டை, அடுத்த தடுப்பு. அறை அறையாகப் பிரித்த லயன் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை வண்டாகி வெளியே வர ஒன்றரை மாதம் அளவு ஆகும். சுவரில் வடிகிற மஞ்சள் அதன் கழிவு.

ஒரு வருடத் துளையால் கூரை விழாது. பிரச்சினை என்னவென்றால் பிள்ளைகள் அதே வீட்டுக்குத் திரும்பி வரும், இருக்கிற குழாயை இன்னும் நீட்டும், கிளை வைக்கும். நான் மூதூரில் ஒரு வீட்டில் கழற்றிய கைமரம் ஒன்று வெளியில் பார்க்க முழு மரம், பிளந்தால் உள்ளே புல்லாங்குழல். அதற்குள் மாரி மழைத் தண்ணீர் போனால் உக்கத் தொடங்கும்.

பாலை வளையில் ஒரு துளை கூட இல்லை, கவனித்தீர்களா? அந்த மரத்தில் எங்கள் உளியே திணறும். மலைவேம்பு மெத்து. அதுவும் பெயின்ற் படாமல் இருபது வருடம் காய்ந்தது என்றால், அதுகளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இனி வேலை. இரண்டு மூன்று நாள் விறாந்தையில் இருந்து எந்தத் துளைக்குள் போக்குவரத்து இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகமான துளையில் பின்னேரம் ஒரு கடதாசி உருண்டையை இலேசாகச் செருகி விடுங்கள். காலையில் கீழே கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. இரண்டு மூன்று நாளாகியும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் காலி, ஆனால் குஞ்சு இருந்தால் உருண்டையைத் தள்ளாது, அதனால் மெல்லிய கம்பியை வளைத்து விட்டுப் பாருங்கள். ஈரமான மஞ்சள் உருண்டை ஒட்டினால் விட்டுவிடுங்கள். காலித் துளைக்கு அளவாக ஒரு மரக்குச்சியைச் சீவி, மரப்பசை தடவி, அடித்து இறுக்கி, மட்டமாக வெட்டி விடுங்கள். புட்டி மேலே பூசத்தான், அடைக்க இல்லை. பிறகு கைமரம் முழுக்க எனமல் பெயின்ற் இரண்டு தரம். வார்னிஷ் மட்டும் போதாது. பெயின்ற் பட்ட மரத்தில் இது அநேகமாகப் புதிதாகத் தொடங்காது. கச்சான் முடிய முன் செய்யுங்கள், ஐப்பசி மழை விழுந்தால் மரமும் காயாது பெயின்றும் பிடிக்காது.

கொல்வதென்றால் பெர்மெத்ரின் தூளை இரவில் துளைக்குள் ஊதி, சில நாள் விட்டு, பிறகு அடைப்பார்கள். பலன் உண்டு. ஆனால் தலைக்கு மேலே ஊதுகிற வேலை, கண்ணிலும் மூக்கிலும் விழும். கழிவு ஓயில் பூசச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். கிணறு பக்கத்தில் இருக்கிறது.

தம்பலகாமத்துத் தோட்டக்காரன்:

தச்சன் அண்ணை சொன்னதெல்லாம் சரி. எனக்கு அந்தத் தூள் மருந்தில் மட்டும் உடன்பாடு இல்லை. காரணம், அக்கா போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்: கொடித்தோடைப் பந்தல்.

அக்கா, உங்களுடையது மஞ்சள் பழமா? எங்கள் பக்கச் சூட்டுக்கு அதுதான் வரும். அப்படியென்றால் அதன் பூ மத்தியானம் அளவில் விரியும். அந்த நேரம் பந்தலுக்குக் கீழே போய் நில்லுங்கள். சின்னத் தேனீ வந்தால் பூந்தூளை அள்ளிக்கொண்டு போகும், ஆனால் மேலே விரிந்து நிற்கிற சூல்முடியில், அதாவது பூந்தூளை ஏற்கிற நுனியில், அதன் உடம்பு முட்டாது. கருவண்டு வந்தால் முதுகு முழுக்க மஞ்சளைப் பூசிக்கொண்டு போகும், அடுத்த பூவில் அந்த முதுகுதான் சூல்முடியில் உரசும். கொடித்தோடையைக் காய்க்க வைப்பது உங்கள் கைமரத்தில் குடியிருப்பவர்தான். கருவண்டு இல்லாத இடத்தில் ஆள் பூப்பூவாகக் கையால் தொட்டுவிட வேண்டியிருக்கும். கத்தரிப் பூவைப் பிடித்து அதிர வைத்துப் பூந்தூளை உதிர்ப்பதும் இவர்தான். கிளிசரியா வேலி பூத்தால் அங்கும் நிற்பார், எருக்கலையிலும் நிற்பார்.

அதனால் விறாந்தையிலிருந்து கிளப்புங்கள், வளவிலிருந்து கிளப்ப வேண்டாம். மூங்கில் துண்டு நாலைந்தை, ஒரு பக்கம் கணு அடைத்திருக்கும்படி வெட்டி, மழை படாத இடத்தில் பந்தல் காலோடு படுக்கையாகக் கட்டி விடுங்கள். பெயின்ற் படாத மெத்து மரத்துண்டு ஒன்றையும் பக்கத்தில் தொங்க விடலாம். உடனே வரும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்னொன்று, அங்கே ஒரே ஒரு கொடிதான் நிற்கிறதா? மஞ்சள் கொடித்தோடை தன் பூந்தூளைத் தானே ஏற்காது. வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி அருகில் வேண்டும்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஒரே கொடிதான் நின்றது. பூக்கும், கொட்டும். போன வருடம் காய்த்தது அயல் வீட்டு வேலிக் கொடியால் என்று இப்போதுதான் விளங்குகிறது. அந்த வேலியை அவர்கள் மாசியில் வெட்டிவிட்டார்கள். நான் அதற்குப் பசளை போதவில்லை என்று ஆட்டெரு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்!

உப்புவெளிக்காரி (இரண்டு மாதம் கழித்து):

நடந்ததைச் சொல்லாமல் போவது சரியில்லை என்று வந்தேன்.

கடதாசி உருண்டை வேலை அம்மாவுக்குப் பிடித்துப் போனது. தினமும் விடிய எழும்பி எது கீழே கிடக்கிறது என்று பார்த்து, 'நாலாம் கைமரம் எழும்பிற்று' என்று எனக்கு அறிவிப்பார். அதற்குள் துளை இருபது ஆகிவிட்டது. பன்னிரண்டு காலி, அவற்றைத் தம்பி அடைத்தான். மிச்சம் எட்டையும் விட்டுவிட்டுச் சுற்றிவரப் பெயின்ற் அடித்தோம், கடும் மண்ணிறம். பிறகு ஒவ்வொன்றாகக் காலியாகக் காலியாக அடைத்தோம். இன்றைக்கு அந்த எட்டில் ஒன்று மட்டும் திறந்திருக்கிறது.

பெயின்ற் அடித்த இடத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கைமரம் சுவரில் இறங்குகிற நுனியில், தூரிகை போகாத ஒரு சாண் இடத்தில், போன கிழமை ஒரு துளை தொடங்கியிருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்ததோ!

மூங்கில் ஐந்து கட்டினேன். ஒன்றில் எறும்பு, மூன்று சும்மா கிடக்கிறது, ஒன்றுக்குள் கறுப்பாக ஒருவர் போய் வருகிறார். கொடித்தோடைக்கு அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டிலிருந்து நாற்று வாங்கி வைத்தேன், முழங்கால் உயரம் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆண் வண்டு கொட்டாது என்று சொன்னேன். இப்போது அதுகளுக்குப் பயம் போய், பாடம் போய், யாருடைய மூக்குக்கு நேரே அதிக நேரம் நிற்கிறது என்று போட்டி.

தச்சன் அண்ணை, அந்தச் சுவர் ஓரத்துக்கு என்ன வழி?

மூதூர்த் தச்சன்:

பழைய பல் துலக்கும் பிரஷின் தலையை நெருப்பில் காட்டி வளைத்து, ஒரு தடியில் கட்டிப் பெயின்றில் தோய்த்து விடுங்கள். முதலில் அந்தத் துளைக்கு உருண்டை வைத்துப் பாருங்கள்.